கேள்வி கேட்ட உழவர் உறுப்பினருக்கு வெளியேற்றமா பதில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

நாட்டின் நிலம், பயிர், கால்நடை ஆராய்ச்சியை வழிநடத்தும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1929 ஜூலை 16 அன்று ஒரு சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. இன்றும் அது சட்டப்படி ஒரு சங்கம்தான். மத்திய வேளாண் அமைச்சர் அதன் தலைவர். அன்றாட ஆட்சியையும் முடிவெடுக்கும் பொறுப்பையும் ஆட்சிக்குழு கவனிக்கிறது. அக்குழுவுக்குத் தலைமை தாங்கும் தலைமை இயக்குநரே வேளாண் ஆராய்ச்சி, கல்வித் துறையின் செயலாளரும் ஆவார். 100-க்கும் மேற்பட்ட ஆய்வு நிறுவனங்களும் 700-க்கும் மேற்பட்ட வேளாண் அறிவியல் நிலையங்களும் எந்தத் திசையில் நடக்க வேண்டும் என்பதை இந்த ஆட்சிக்குழு தீர்மானிக்கிறது. உயர் அதிகாரிகள், விஞ்ஞானிகள் ஆகியோருடன் உழவர் பிரதிநிதிகளும் இதில் இடம்பெறுகின்றனர். உழவர் பிரதிநிதிகளை உழவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்புவதில்லை, அமைச்சர்தான் நியமிக்கிறார்.

2025 மே மாதம் அந்த உழவர் பிரதிநிதிகளில் ஒருவர் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். மே 4 அன்று மரபணுத் திருத்தம் செய்யப்பட்ட இரண்டு நெல் ரகங்களை வேளாண் அமைச்சர் டெல்லியில் அறிவித்தார். ஒன்று ஐதராபாத்திலுள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய டி.ஆர்.ஆர். தான் 100, அதாவது கமலா. மற்றொன்று டெல்லி பூசா நிறுவனத்தின் பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. இந்த ரகங்களைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றை அந்த உறுப்பினர் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். அடுத்த சில நாட்களிலேயே அவருடைய பதவி பறிக்கப்பட்டது. அவருடைய நடத்தையும் பொதுவெளியில் அவர் சொன்ன கருத்துகளும் ஏற்கத்தக்கவை அல்ல என்பது கழகத்தின் தரப்பு.

அவர் சொன்னவை எல்லாம் சரி என்று வாதிடுவது இங்கு நோக்கமல்ல. தவறாகவே இருந்தாலும் அதற்குரிய மறுமொழி வயல் ஆய்வின் தரவுகள்தான். தரவுகளை முன்வைத்து மறுத்திருக்கலாம். குழுக் கூட்டத்தில் விவாதித்து நடவடிக்கைக் குறிப்பில் பதிந்திருக்கலாம். கேட்டவரை வெளியேற்றியது கண்டிக்கத்தக்கது. அந்தக் குழுவில் மற்றவர்களின் நிலையை எண்ணிப் பார்த்தால் இதன் கடுமை புரியும். அதிகாரிகள் பணி விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள், அரசின் அறிவிப்பை வெளியே விமர்சிக்க முடியாது. விஞ்ஞானிகளில் பலர் இதே அமைப்பிலோ, இதனிடம் நிதி பெறும் பல்கலைக்கழகங்களிலோ பணியாற்றியவர்கள் அல்லது பணியாற்றுபவர்கள். உழவர் உறுப்பினரோ சம்பளத்துக்கும் பதவி உயர்வுக்கும் ஆய்வு நிதிக்கும் கழகத்தைச் சாராதவர். வாய்திறந்தால் நீக்கம் என்றாகிவிட்டால், இனி அந்த இடத்துக்கு வருபவர் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்திக்கொள்வார்.

கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கமலா ரகத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதன் தாய் ரகம் ஆந்திரத்தின் பாபட்லாவில் உருவான பிபிடி 5204. சாம்பா மசூரி என்று அங்கே பெயர். தமிழ்நாட்டு அரிசிக் கடைகளில் அதுவே ஆந்திரா பொன்னி. அதில் ஒரு மரபணுவைத் திருத்தியதால் கதிரில் மணிகள் கூடுகின்றன, விளைச்சல் 19 சதவீதம் வரை அதிகம், பயிர்க் காலம் ஏறக்குறைய 20 நாள் குறைந்து 130 நாளில் அறுவடை என்று அறிவிக்கப்பட்டது. பரிந்துரைக்கப்பட்ட பகுதிகளில் தமிழ்நாடும் புதுச்சேரியும் உண்டு. 20 நாள் மிச்சம் என்றால் தண்ணீர் மிச்சம். பாசனத்துக்குத் தவிக்கும் பகுதிகளுக்கு அது உண்மையிலேயே பெரிய நன்மை, அந்த ஆய்வில் ஈடுபட்டவர்களின் உழைப்பைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் காவிரிப் படுகையில் சம்பா பயிரிடுபவர் இதே 20 நாளை வேறு விதமாகக் கணக்கிடுவார். ஆவணியில் நாற்று விட்டால் 150 நாள் ரகம் மார்கழி வாக்கில் பூத்துத் தையில் அறுவடைக்கு வரும். வடகிழக்குப் பருவமழையின் உச்சம் அதற்குள் கடந்திருக்கும். அதே நாளில் விதைத்த 130 நாள் ரகமோ கார்த்திகை மழையில் பூக்கும். பூக்கும் தருணத்தில் விடாமல் மழை பெய்தால் மகரந்தம் கழுவப்பட்டுப் பதர் கூடும். விதைப்பைத் தள்ளிப்போடலாம்தான். அப்படியானால் ஆற்றில் தண்ணீர் விடும் தேதி, நாற்றங்கால், நடவு ஆள் எல்லாம் அதற்கேற்ப மாற வேண்டும். தாய் ரகத்துக்குக் குலைநோயும் பாக்டீரியா இலைக்கருகலும் எளிதில் வரும். மகளுக்கு எப்படி? மணிகள் கூடிய கதிரைத் தாங்கித் தாள் நிற்குமா, மழைக்காற்றில் சாயுமா? மரபணுத் திருத்தத்துக்குப் பயன்படும் கிரிஸ்பர் தொழில்நுட்பத்தின் காப்புரிமைகள் வெளிநாட்டு நிறுவனங்களிடம் இருக்கும்போது, விளைந்த நெல்லையே மறுபோகத்துக்கு விதையாக எடுத்துவைக்க உழவருக்குத் தடையேதும் வருமா? ஆய்வுக்கூடத்தில் எழாத இக்கேள்விகள் களத்துமேட்டில் எழுகின்றன. ஆட்சிக்குழுவில் உழவருக்கு இடம் தரப்பட்டிருப்பதே இவற்றைக் கேட்பதற்காகத்தான்.

இங்கு இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேற்று மரபணு எதையும் புகுத்தாத மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு, மரபணு மாற்றுப் பயிர்களுக்குரிய கடுமையான உயிரிப் பாதுகாப்பு விதிகளிலிருந்து 2022 மார்ச்சில் மத்திய அரசு விலக்கு அளித்தது. அந்த விலக்கு சரியா தவறா என்பது அறிவியலாளர்களிடையே நீளும் விவாதம். வெளியிலிருந்து செய்யும் சோதனை குறையக் குறைய, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கேள்வி கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. இரு நெல் ரகங்களும் அறிவிக்கப்பட்ட பின்னர், கழகத்தின் சொந்த ஆய்வறிக்கைகளிலுள்ள எண்களே அறிவிப்புகளோடு பொருந்தவில்லை என்று மரபணு மாற்றுப் பயிர்களை எதிர்க்கும் அமைப்புகள் குற்றம் சாட்டின. கழகம் அதை மறுத்தது. இடம்வாரியாக, பருவம்வாரியாக முழுத் தரவும் அறிவிப்புக்கு முன்பே வெளியிடப்பட்டிருந்தால் இந்தச் சச்சரவுக்கே இடமிருந்திருக்காது.

கேள்வி கேட்கப்படாததன் விலையைக் கரும்பு காட்டியிருக்கிறது. கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம் இந்தியாவுக்குத் தந்த ரகங்களுக்கு நாடு கடன்பட்டிருக்கிறது. அதன் கர்னால் மையத்தில் உருவாகி 2009-இல் வெளியான கோ 0238, விளைச்சலிலும் சர்க்கரைச் சத்திலும் சிறந்து விளங்கி உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்தது. பின்பு செவ்வழுகல் நோய் பரவியபோது ஆலைகளும் உழவர்களும் ஒருசேரத் தவித்தனர். ரகத்தை உருவாக்கியவர்கள்மீது குறையில்லை. ஒரே ரகம் இத்தனை பரப்பில் நிற்கலாமா, மாற்று ரகத்தின் விதைக்கரும்பு எங்கே என்று ஆண்டுதோறும் கேட்டு, விடை வரும்வரை விடாமல் இருப்பது வழிநடத்தும் குழுக்களின் வேலை.

நிலத்தின் விஷயம் இன்னும் பொறுமை கேட்பது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உர ஆய்வு வயல் உள்ளது. ஒரு பாத்திக்குத் தொழுவுரம் மட்டும், ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்குத் தழை, மணி, சாம்பல் மூன்றும், இன்னொன்றுக்கு எதுவுமில்லை. இந்த முறை மாறாமல் தலைமுறை தலைமுறையாக அங்கே பயிர் செய்து எடை போட்டு வருகிறார்கள். தழைச்சத்தை மட்டும் கொட்டினால் மண் என்னவாகும் என்பதற்கு ஒரு நூற்றாண்டின் சான்று அந்தப் பாத்திகளில் கிடக்கிறது. இத்தகைய ஆய்வு எந்த அமைச்சருக்கும் ஒரு விழா மேடையைத் தராது. ஆள் பற்றாக்குறை, நிதிக்குறைப்பு, புதிய கட்டடத்துக்கு இடம் என்று ஏதோ ஒரு காரணத்தால் ஒரே ஆண்டில் அழிந்தும் போகலாம். இப்படிப்பட்டவற்றைக் காப்பதும் இந்தக் குழுக்களின் கடமை. அறிவிப்புகளுக்குக் கைதட்ட மட்டுமே பழகிய குழு அந்தக் கடமையைச் செய்யாது.

கழகத்தின் நிர்வாகம் இதற்குமுன் திருத்தப்பட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. 1965-இல் பி.பி. பால் தலைமை இயக்குநரான பிறகுதான் அது விஞ்ஞானிகளின் தலைமைக்கு வந்தது. 1972-இல் டெல்லி பூசா நிறுவனத்தில் ஒரு விஞ்ஞானி தற்கொலை செய்துகொண்டதும் நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையில் குழு அமைந்தது. அதன் விளைவாக 1973-இல் தனித் தேர்வு வாரியம் பிறந்தது. இவை விஞ்ஞானிகளுக்கு நியாயம் செய்யும் நோக்கில் நடந்தவை, தேவையானவையும்கூட. உழவர் உறுப்பினரின் சுதந்திரத்துக்கு அப்படிப்பட்ட காப்பு இன்னும் அமையவில்லை என்பதை 2025-இல் நடந்தது காட்டிவிட்டது.

நீக்கத்துக்கான முழுக் காரணத்தையும் விளக்கம் தர அவருக்கு வாய்ப்பு அளிக்கப்பட்டதா என்பதையும் கழகம் வெளியிட வேண்டும். நியமித்த உறுப்பினரைக் காலம் முடியுமுன் விலக்க, சுயேச்சையான ஒருவரின் விசாரணை கட்டாயமாக வேண்டும். உழவர் உறுப்பினர்களை அமைச்சரின் விருப்பத்துக்கு விடாமல் கூட்டுறவுச் சங்கங்களும் உழவர் அமைப்புகளும் முன்மொழியும் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் பெண்களும் குத்தகைக்குப் பயிர் செய்பவர்களும் தவறாமல் இருக்க வேண்டும். ஆட்சிக்குழுவின் நடவடிக்கைக் குறிப்புகளும் புதிய ரகங்களின் வயல் ஆய்வுத் தரவுகளும் அந்தந்த மாநில மொழியில் கிடைக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு கேட்காமலே வெளியிடச் சொல்வது இப்படிப்பட்ட ஆவணங்களைத்தான். வேளாண்மைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இந்த நீக்கத்தை எடுத்துக்கொண்டு விசாரித்து, தன் அறிக்கையை அவையில் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.