காலுக்குக் கட்டு... வாய்க்குப் பூட்டா?

ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது. பஞ்சு இருக்கிறது. கட்டுத் துணி இருக்கிறது. டாக்டரும் இருக்கிறார். இல்லாதது ஒன்றே ஒன்றுதான். நோயாளியிடம் நாலு வார்த்தை நின்று விளக்கிச் சொல்ல ஆள் இல்லை!

இந்த ஒரு குறையால் எத்தனை பேர் வேலையை விட்டு வீட்டில் முடங்கிக் கிடக்கிறார்கள் தெரியுமா?

நான் சொல்வது நரம்பு சுருட்டலால் காலில் வரும் ஆறாத புண்ணைப் பற்றி.

முதலில் சாயங்காலமானால் கால் வீங்கும். காலையில் வடிந்துவிடும். "அலைச்சல்தான், வேறென்ன?" என்று விட்டுவிடுவோம். அப்புறம் கணுக்காலுக்கு மேலே, உள்பக்கமாகத் தோல் கறுக்கும். அரிக்கும். சொறிவோம். பொத்தென்று ஒரு புண். நீர் வடியும். நாற்றம் அடிக்கும். மாதக் கணக்கில் ஆறாது. மின்சார ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார். அந்த அவமானம் புண்ணைவிடக் கொடுமை!

நின்று பிழைப்பவர் கதி

யாருக்கு வருகிறது? வெயிலில் நின்று கை காட்டும் டிராபிக் போலீஸ்காரருக்கு வருகிறது. கல்லுக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கும் பரோட்டா மாஸ்டருக்கு வருகிறது. ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் சேலை பிரித்துப் போடும் பெண்ணுக்கு வருகிறது. பல பிரசவம் கண்ட தாய்மாருக்கும், உடம்பு பருத்தவர்களுக்கும், ஏற்கனவே காலில் ரத்தக்கட்டி வந்தவர்களுக்கும் வருகிறது. அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம்.

காரணம் ரொம்ப எளிது. வீட்டில் கிணற்று மோட்டார் இருப்பவர்களுக்கு உடனே புரியும். ஃபுட் வால்வு கெட்டுப்போனால் என்ன ஆகும்? மேலே ஏறிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கே இறங்கிவிடும் அல்லவா? காலிலும் அதே கதைதான்! கெட்ட ரத்தத்தை மேலே அனுப்பும் குழாய்களில் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. கெண்டைக்கால் சதைதான் மோட்டார். நடக்கும்போது அது பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். வால்வு கெட்டால் ரத்தம் கீழேயே தேங்கும். தேங்கிய இடத்தில் தோல் நைந்து போகும். அதுதான் புண்.

ஆக, நோய் புண்ணில் இல்லை. ரத்தக் குழாயில் இருக்கிறது. புண் வெறும் வாசல்!

கட்டுதான் மருந்து!

இதை யாராவது நோயாளியிடம் சொல்கிறார்களா?

நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. கட்டுப் போடும் அறை. அறுபது வயது அம்மா ஒருவர். காலில் எலாஸ்டிக் கட்டைச் சுற்றி, "ஆச்சு, அடுத்த வாரம் வாங்க. அடுத்த ஆள்!" என்றார்கள். அவ்வளவுதான். வெளியே வந்த அம்மாவிடம் கேட்டேன். "ரொம்ப இறுக்குதுப்பா. வீட்டுக்குப் போய் அவுத்துட்டு, மேல ஒரு துணிய சுத்திக்கிறேன். மருந்து உள்ளே இருந்தா போதாதா?" என்றார்.

போதாது, அம்மா! அந்த இறுக்கம்தான் மருந்து! உள்ளே தடவும் களிம்பு சும்மா துணைக்கு. கணுக்காலில் சரியான அழுத்தம் இருந்தால்தான் தேங்கிய ரத்தம் மேலே ஏறும். இந்த ஒரு வாக்கியத்தை அந்த அறையில் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் புண் ஆறாமல் போய் நிற்பார். "சொன்ன பேச்சைக் கேக்கிறதில்லை" என்று திட்டு விழும். சொன்னால்தானே ஐயா, கேட்பதற்கு?

தெரிந்துகொள்ள வேண்டியவை

எலாஸ்டிக் கட்டு விரல்களின் அடியில் தொடங்கி, குதிகாலையும் சேர்த்து, முழங்காலுக்குக் கீழே வரை வர வேண்டும். கணுக்காலில் அழுத்தம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. சிலருக்கு ஒரு வாரம் அப்படியே விடும் பல அடுக்குக் கட்டு. சிலருக்குக் காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முன் கட்டி, இரவில் அவிழ்க்கும் கட்டு. உங்களுக்கு எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை! சர்க்கரை நோயாளிகளுக்கும் பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் காலுக்குப் போகும் நல்ல ரத்தக் குழாயே அடைத்திருக்கலாம். அவர்களுக்கு இறுக்கிக் கட்டினால் காலுக்கே ஆபத்து. அதனால் பாதத்தில் ரத்த ஓட்டத்தைப் பரிசோதித்த பிறகுதான் கட்ட வேண்டும். கடையில் வாங்கித் தானே சுற்றிக்கொள்ளக் கூடாது. கட்டிய பிறகு விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப் போனாலோ, வலி கூடினாலோ உடனே அவிழ்த்துவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும்.

உட்காரும்போது காலைத் தொங்கவிடாதீர்கள். படுக்கும்போது நெஞ்சு மட்டத்துக்கு மேலே கால் இருக்கட்டும். நடங்கள். நடக்க முடியாவிட்டால் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். மோட்டார் ஓட வேண்டுமே!

அப்புறம் இந்தப் பத்தியம்! "முட்டை சாப்பிட்டா சீழ் பிடிக்கும், பருப்பு ஆகாது" என்று வாயைக் கட்டிப்போடுகிறார்கள். தப்பு. சதை வளர முட்டை, பருப்பு, மீன் எல்லாம் வேண்டும். புண்ணின் மேல் சுண்ணாம்பு, காப்பித்தூள், பச்சிலை எதுவும் வேண்டாம். கண்ட களிம்பையும் தடவினால் சுற்றியுள்ள தோல் வெந்து போகும்.

பல வருஷமாக ஆறாத புண்ணின் ஓரம் தடித்து மேலே எழும்பினால் அசட்டை கூடாது. அபூர்வமாக அது புற்றுநோயாக மாறுவதுண்டு. சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

புண் ஆறிவிட்டதா? கதை முடியவில்லை. வால்வு கெட்டது கெட்டதுதான். அழுத்தக் காலுறையை விட்டால் புண் திரும்பவும் வரும். ரத்தக் குழாயைச் சீர்செய்ய இப்போது கத்தி இல்லாத சிகிச்சையும் உண்டு. கெட்ட குழாயை உள்ளிருந்தே அடைத்துவிடுகிறார்கள். பிரிட்டனில் 450 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. எல்லோருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. கட்டோடு சேர்த்து இந்தச் சிகிச்சையையும் சீக்கிரமே செய்துகொண்டவர்களில் பாதிப்பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள் ஆனது. கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம் மிச்சம்! இந்த விவரம் நம் நோயாளிக்குத் தெரிய வேண்டாமா?

நேரம் இல்லையாம்!

"ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கில் வர்றாங்க. ஒவ்வொருத்தருக்கும் பாடம் நடத்த முடியுமா?" என்று டாக்டர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் படும் பாட்டைப் பார்க்கத்தான் செய்கிறேன்.

ஆனால் கட்டுப் போடும் அறை வாசலில் நோயாளி மணிக்கணக்கில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்? அந்த நேரத்தில் ஒரு நர்ஸ் பத்துப் பேரை ஒன்றாக உட்கார வைத்துக் கட்டிக் காட்டலாம். நோயாளியையோ கூட வந்த மகளையோ ஒருமுறை கட்டச் சொல்லிப் பார்க்கலாம். பெரிய எழுத்தில், படம் போட்டு, தமிழில் ஒரு தாள் கொடுக்கலாம். என்ன செலவு? வாரா வாரம் வீணாகும் பஞ்சு, மருந்துச் செலவைவிடக் கம்மிதான்!

2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே போய் பிரஷர், சர்க்கரை பார்க்க ஏற்பாடு செய்தார்கள். அப்படி வீட்டுக்குப் போகிறவர் அப்படியே காலையும் ஒரு பார்வை பார்த்தால் என்ன?

முதலாளிமார்களே!

கடை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளா 2018-லேயே சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடும் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி அதையே சொன்னது. ஆனால் ஸ்டூல் இருந்தும், அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைத்தால் என்ன பிரயோஜனம்? கூட்டம் இல்லாத நேரத்தில் உட்காரட்டும். நடுநடுவே பத்தடி நடக்கட்டும். நல்ல ஆளைப் புண்ணுக்குப் பறிகொடுத்துவிட்டுப் புது ஆளைத் தேடி அலைவது உங்களுக்குத்தான் நஷ்டம்.

நோயாளிகளே, நீங்களும் வெட்கப்படாதீர்கள். "இது எதனால வந்துச்சு? இந்தக் கட்டு எதுக்கு? எப்போ அவுக்கணும்?" என்று மூன்று கேள்வியைக் கேட்டுவிட்டே எழுந்திருங்கள். அது உங்கள் உரிமை.

ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்வது இதுதான். விளக்கிச் சொல்வது டாக்டர் காட்டும் கருணை அல்ல. அதுவும் சிகிச்சைதான். சீட்டில் மருந்தை எழுதுவதுபோல, "விளக்கம் சொல்லியாச்சு" என்றும் எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்து விழ வேண்டுமென்றால் வாய் திறக்கத்தானே வேண்டும்!