பால்மா அச்சமும் தோட்டத்துப் பிள்ளைகளும்

நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் பிள்ளைகளின் பாலுக்குப் பால்மாவையே நம்பியிருக்கும் குடும்பங்கள் பல. அந்த நம்பிக்கையோ பலமுறை ஆட்டங்கண்டுள்ளது. 2013 ஓகஸ்டில், டிசிடி என்ற இரசாயனம் கலந்திருப்பதாகக் கூறி, நியூசிலாந்துப் பால்மாத் தொகுதிகள் சிலவற்றைச் சந்தையிலிருந்து மீளப்பெறுமாறு சுகாதார அமைச்சு உத்தரவிட்டது. 2019இல், இறக்குமதிப் பால்மாவில் பன்றிக் கொழுப்பு கலக்கப்படுவதாகப் பிரதி அமைச்சர் ஒருவர் பாராளுமன்றத்தில் கூறினார். சுகாதார அமைச்சர் அதனை மறுத்தார். எனினும் முஸ்லிம் குடும்பங்களுக்கு அது உடல்நலத்தோடு மார்க்கத்தையும் தொட்ட கேள்வியாயிற்று.

அச்சத்தால் பாலை நிறுத்திப் பிள்ளைக்கு வெறுந்தேநீர் கொடுப்பது தீர்வாகாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள். தேசிய விகிதமோ 17.3 மாத்திரமே.

மாற்று வழிகள் எட்டாதவையல்ல. பருப்பு, பயறு, கடலை ஆகியவற்றைச் சோற்றுடனோ ரொட்டியுடனோ உண்ணும்போது, ஒன்றின் புரதக் குறையை மற்றது நிரப்பும். ஹலால் பற்றிய ஐயமும் எழாது. முட்டையும் நன்கு காய்ச்சிய பசும்பாலும் துணைநிற்கும். ஆனால், தோட்டச் சம்பளத்துக்குள் இவை அடங்க வேண்டும். பால்மாப் பரிசோதனை முடிவுகளைத் தமிழிலும் உடனுக்குடன் வெளியிடுவதும், தானியங்களை நியாய விலையில் தோட்டங்களுக்குக் கிடைக்கச் செய்வதும் அரசின் கடமை என நாம் வலியுறுத்துகின்றோம்.