நாய்க்குட்டி உனக்கா, உங்கம்மாவுக்கா?

செமஸ்டர் லீவு விட்டால் போதும், எங்கள் வகுப்பில் யாராவது ஒருவன் "மச்சி, ஒரு நாய்க்குட்டி எடுக்கலாம்னு இருக்கேன்டா" என்று ஆரம்பித்துவிடுகிறான். இந்தத் தடவை மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து என் பதில்: வேண்டாம். திட்டுகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டவும் :)

நமக்குத் தெரிந்த கணக்கிலேயே வருவோம். பி.காம் 3 வருஷம். நாய் சாதாரணமாக 10, 12 வருஷம் இருக்கும். அதாவது நான்கு பி.காம், அரியர் இல்லாமல்! நீ டிகிரி வாங்கிக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்பும்போது அதற்கு மூன்று வயதுகூட ஆகியிருக்காது. பேச்சிலர் ரூமில் நாயை விடுகிற ஹவுஸ் ஓனரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சரி, அதுவரைக்கும்? ஆட்டையாம்பட்டியில் ஏழரைக்குச் சேலம் பஸ் ஏறினால் வீடு திரும்ப ஐந்தரை. பத்து மணி நேரம். இரண்டு மாதக் குட்டிக்கு நாளைக்கு மூன்று நான்கு வேளை சாப்பாடு. தூங்கி எழுந்தால் ஒன்று, சாப்பிட்டால் இரண்டு. யார் அள்ளுவது? "அம்மா பாத்துக்குவாங்க." இந்த ஒரு வரியில்தான் எனக்குக் கோபமே. விடியற்காலையிலிருந்து மாவும் கையுமாக முறுக்கு சுற்றிக்கொண்டிருக்கிற மனுஷியிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

நான் கேட்கவில்லை. முதல் வருஷம் தெருவிலிருந்து ஒரு கறுப்புக் குட்டியைத் தூக்கி வந்தேன். மணி என்று பேர் வைத்தேன். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, மூன்று நான்கு வாரம் விட்டு மறுபடியும், மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. இதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிற நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது, நான் "அடுத்த சனிக்கிழமை" என்று தள்ளிக்கொண்டிருந்தேன். பார்வோ வைரஸ் சனிக்கிழமைக்காகக் காத்திருக்கவில்லை. வாந்தி, ரத்தக் கழிச்சல். நான் காஸ்டிங் இன்டர்னல் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், அம்மா முறுக்கு ஆர்டரைப் பாதியில் போட்டுவிட்டு அதை ஒயர் கூடையில் வைத்து டாக்டரிடம் கொண்டுபோயிருக்கிறார். மூன்றாம் நாள் போய்விட்டது. குழி தோண்டியதும் அம்மாதான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருக்கலாம்.

"ஸ்ட்ரெஸ் குறையும்டா" என்கிறான் ஒருவன். உனக்குக் குறையும். பூட்டிய வீட்டில் பத்து மணி நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிற அதற்கு? இன்னொருவனுக்கு ஹஸ்கிதான் வேண்டுமாம். சைபீரியப் பனிக்கான ரோமத்தோடு சேலம் வெயிலில்! 2003-இல் ஹட்ச் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு சப்பை மூக்கு பக் குட்டிக்கு அலைந்த கூட்டத்தின் அடுத்த பேட்ச். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-இலேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. வாங்குகிறவன் வயதைக் கேட்டால்தானே?

பகலெல்லாம் வீட்டில் இருக்கிற ஒருவர் "எனக்கு வேணும்" என்று தன் வாயால் சொன்னால் தாராளமாக எடு. மூன்றாமவன் வீட்டில் தாத்தாவே கேட்கிறாராம். அவனுக்கு மட்டும் என் தடையை விலக்கிக்கொள்கிறேன்.

பி.கு: குட்டிக்கு முறுக்கு போடாதீர்கள். உப்பும் எண்ணெயும் அதற்கு ஆகாது. நாங்கள் போட்டோம்.