வாய் நொந்தால் மனமும் நோகும்

புற்றுநோய் என்ற சொல்லை எம்மவர் இன்னும் வாய்விட்டுச் சொல்லத் தயங்குகின்றனர். "அந்த வருத்தம்", "கூடாத வருத்தம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நோயாளிக்கு மருந்து கிடைக்கிறதா, பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா, கூட நிற்க ஆள் உண்டா என்று விசாரிப்போர் பலர். அவரால் விழுங்க முடிகிறதா, பேச முடிகிறதா, வாய் எப்படி இருக்கிறது என்று கேட்போர் மிகச் சிலரே. புற்றுநோயாளியின் வாயைப் பராமரிப்பதும் அவருடைய மனத்தைப் பராமரிப்பதும் ஒன்றோடொன்று பிணைந்த வேலைகள். ஒன்றை விட்டு மற்றதைச் செய்ய முடியாது என்பதே எமது கருத்து.

இலங்கையில் ஆண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயாகும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்த்து மெல்லும் பழக்கம் இதற்கு முக்கிய காரணம். இது நேற்று இன்று அறிந்த விடயமன்று. தென் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நெய்யூர் மிசன் வைத்தியசாலையில் பணிபுரிந்த வைத்தியர் இயன் ஓர், வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப்புற்றுநோய் பற்றி 1933ஆம் ஆண்டிலேயே 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். யாழ்ப்பாணப் புகையிலை நெடுங்காலம் கடல் கடந்து போனதும் அதே திருவிதாங்கூருக்குத்தான். புகையிலை சேராத வெற்றிலையும் பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது.

வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலை எமது கமக்காரருக்குக் கைகொடுத்த காசுப்பயிர். பிள்ளைகளின் படிப்பும் கல்வீடும் சீதனமும் அதிலிருந்து வந்த குடும்பங்கள் எத்தனையோ. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் சனம் வெளிக்கிட்டபோது வெற்றிலைப் பையும் கூடவே போயிற்று. முகாமிலும் உறவினர் வீட்டுத் திண்ணையிலும் கவலைக்கும் பசிக்கும் அது துணையாயிற்று. ஆகவே நோய் வந்தவரைப் பார்த்து "நீ தேடிக்கொண்டதுதானே" என்று சொல்ல எமக்கு உரிமை இல்லை. அந்தப் பழியை அவர் ஏற்கெனவே தம் மேல் சுமத்திக்கொண்டுதான் இருக்கிறார். தம்மைக் குற்றவாளியாக நினைப்பவர் நோவைச் சொல்லமாட்டார், உதவியும் கேட்கமாட்டார்.

சிகிச்சை வாய்க்கு என்ன செய்கிறது என்பதைக் குடும்பத்தார் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்ச் சிகிச்சை கொடுக்கும்போது, இரண்டாம் மூன்றாம் கிழமையளவில் வாயின் உட்தோல் சிவந்து புண்ணாகும். சிகிச்சை முடிந்து சில கிழமைகளின் பின்னரே அது ஆறும். உமிழ்நீர்ச் சுரப்பிகள் பாதிக்கப்பட்டு வாய் வறண்டுபோகும். இந்த வறட்சி மாதக்கணக்காக, சிலருக்கு ஆயுள் முழுவதும், நீடிப்பதுண்டு. உமிழ்நீர் இல்லாத வாயில் பல் விரைவாகச் சூத்தையாகும். சுவை மாறும். தாடை இறுகி வாய் திறப்பது குறையும். கீமோ எனப்படும் மருந்துச் சிகிச்சை பெறுவோருக்கும், அவர்களுடைய நோய் மார்பிலோ வயிற்றிலோ இருந்தாலும், வாய்ப்புண் வரலாம்.

இப்போது அந்த மனிதரின் நிலையை எண்ணிப் பாருங்கள். உறைப்புக் கறியோடு சோறு உண்ட வாய்க்குக் கஞ்சியே எரிகிறது. பேச்சு குழறுகிறது. வீணீர் வடிகிறது, வாய் மணக்கிறது என்ற கூச்சத்தில் சாப்பாட்டு வேளையில் எழுந்து போகிறார். கோயிலுக்கோ கலியாண வீட்டுக்கோ போவதில்லை. வீட்டார் அவருக்கெனத் தனிக் கோப்பையும் தனித் தட்டும் ஒதுக்கிவிடுகின்றனர். புற்றுநோய் எச்சிலாலோ பாத்திரத்தாலோ தொற்றாது. அந்தத் தனித் தட்டு அவர் மனத்தை மட்டுமே நோகடிக்கிறது. காணியும் கிணறும் அயலும் இழந்தவருக்கு எஞ்சியிருந்தது கூடியிருந்து உண்பதும் ஊர்க்கதை பேசுவதும்தான். வாய் அதையும் பறித்துவிட்டால், அவருக்கு இது இன்னொரு இடப்பெயர்வு.

இதனால் வரும் சோர்வை வெறும் வயோதிபம் என்றோ பிடிவாதம் என்றோ தள்ளிவிடலாகாது. நித்திரையின்மை, எவரோடும் பேசாமை, விழுங்க முடிந்தும் உண்ண மறுத்தல், "நான் உங்களுக்குப் பாரம்" என்ற பேச்சு ஆகியன மனச்சோர்வின் அறிகுறிகளாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அதை ஒருபோதும் அசட்டை செய்யக்கூடாது. அவரைத் தனியே விடாமல் உடனே வைத்தியரிடம் கூட்டிச் செல்ல வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்திற்கு எவரும் தொலைபேசியில் பேசலாம்.

"காணிக்கே வழியில்லை, இதில் பல்லைப் பார்க்கவா நேரம்?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. எமது பதில் இதுதான்: வாய் நோவால் உண்ண முடியாதவர் மெலிகிறார், மெலிந்தவர் சிகிச்சையை இடையில் நிறுத்துகிறார், இடையில் நின்ற சிகிச்சை நோயை வளரவிடுகிறது. போர்க்காலத்தில் மகரகமவுக்குப் போக எம்மவர் பட்ட பாடு சிறிதன்று. தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011இல் பலர் நடந்து திரட்டிய நிதியால் எழுந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. சிகிச்சை இவ்வளவு கிட்ட வந்த பின்னர், வாய்ப்புண்ணுக்காக அதை விட்டுவிடலாமா?

வீட்டில் செய்யக்கூடியவற்றிற்குப் பெருஞ் செலவில்லை. தலை, கழுத்துக்குக் கதிர்ச் சிகிச்சை தொடங்குமுன் பல் வைத்தியரைக் காண்பது அவசியம். பிடுங்க வேண்டிய பற்களை முன்னரே பிடுங்கி, புண் ஆற இரண்டு கிழமையாவது விடவேண்டும். சிகிச்சையின் பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் பழுதடையலாம். ஆகவே எத்தனை வருடம் கழித்தென்றாலும், கதிர்ச் சிகிச்சை பெற்றதைப் பல் வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.

உமிக்கரி, வேப்பங்குச்சி, செங்கற்பொடி வேண்டாம். மெல்லிய தூரிகையும் புளோரைட் பற்பசையும் போதும். ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் அரைக்கால் தேக்கரண்டி உப்பும் கரைத்து நாளுக்குப் பல தடவை கொப்பளிக்கலாம். மிளகாய், புளி, தேசிக்காய், ஊறுகாய், முறுக்கு ஆகியவற்றை விலக்குங்கள். உறைப்பில்லாத பாற்சொதியில் ஊறவைத்த இடியப்பம், குழைந்த பாற்கஞ்சி, நன்றாக அவித்து மசித்த முட்டை, வாழைப்பழம், பப்பாசி என்பன நல்லவை. வெற்றிலை, சுருட்டு, சாராயம் முற்றாக நிற்க வேண்டும். வாயில் வெள்ளைப் படை கண்டாலோ, நீரும் விழுங்க முடியாவிட்டாலோ கிளினிக் நாள் வரும்வரை பொறுத்திருக்க வேண்டாம். கீமோ பெறுபவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மனத்திற்கும் மருந்து வீட்டிலேயே தொடங்குகிறது. நோயின் பெயரை நோயாளியிடம் மறைப்பதை நாம் ஏற்கவில்லை. கண்கள் கலங்குவதையும் கதவுக்குப் பின்னால் குசுகுசுப்பதையும் கண்டு அவர் உண்மையை ஊகித்துவிடுவார். பிறகு தன் பயத்தைச் சொல்ல அவருக்கு ஆளில்லை. அவர் கேட்கும் அளவுக்கு, அவர் தாங்கும் வகையில் சொல்லுங்கள். அவருக்கான கஞ்சியை அடுப்படி மூலையில் வைக்காமல், எல்லோரும் உண்ணும் இடத்தில், எல்லோரும் உண்ணும் நேரத்தில் கொடுங்கள். பேச்சு விளங்காவிட்டால் பொறுமையாக மறுபடி கேளுங்கள். வெங்காயத்துக்கு எப்போது தண்ணீர் மாறுவது, விதைக்கு எதை ஒதுக்குவது என்று அவரிடம் ஆலோசனை கேளுங்கள். கமக்காரர் கமக்காரராகவே இருக்கட்டும்.

வைத்தியசாலைகளிடமும் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. புற்றுநோய் கிளினிக்குக்கு ஒரு நாள், பல்லுக்கு ஒரு நாள், மனநலத்துக்கு இன்னொரு நாள் என்றால், தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகும் மகள் எத்தனை நாள் கூலியை இழப்பாள்? ஒரே வருகையில் மூன்றையும் பார்க்கும் ஒழுங்கு வேண்டும். தாதியர் ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து பார்க்கவும், "மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்கவும் வேண்டும். மாதர் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் பஸ் காசுக்கும் கூட்டிச் செல்வதற்கும் பொறுப்பேற்கலாம். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, வாய் திறக்க முடியாமை இருப்போரை அரசாங்கப் பற்சிகிச்சை நிலையத்துக்கு அனுப்புவதும் அவர்களாலேயே இயலும்.

உங்கள் வீட்டிலோ அயலிலோ இந்நோயோடு ஒருவர் இருந்தால், அடுத்த முறை போகும்போது பழப்பையோடு நிற்காமல் பக்கத்தில் இருந்து, "ஐயா, வாய் நோகுதோ? என்ன சாப்பிட ஏலுது?" என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமாகலாம். காத்திருங்கள்.