கன்னத்துப் பள்ளம் நிரம்புமா?

இருங்காட்டுக்கோட்டையில் ஷிப்ட் பஸ்சுக்கு நிற்கும் கூட்டத்தில் ஒருவர் இன்னமும் மாஸ்க் அணிந்திருந்தால், தூசிக்காக என்றுதான் தோன்றும். கன்னத்தில் விழுந்த பள்ளத்தை மறைக்க மாஸ்க் போடுபவர்களும் உண்டு.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையோடு வந்தது கருப்புப் பூஞ்சை. மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு அதை அறிவித்தது. கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் இந்தப் பூஞ்சைக்கு வழிவிட்டன. இது ரத்தக் குழாய்களை அடைத்துவிடும். ரத்தம் போகாத சதை கருகிச் சாகும். அங்கே ஆம்போடெரிசின் மருந்தும் போய்ச் சேராது. அதனால்தான் மேல்தாடையையும் கன்ன எலும்பையும், சிலருக்குக் கண்ணையும்கூட டாக்டர்கள் அகற்ற வேண்டியிருந்தது. உயிர் பிழைத்தது, முகம் குழிந்தது.

அதைச் சரிசெய்ய முடியுமா? பெருமளவு முடியும். ஆனால், வரிசை முக்கியம். முதலில் தொற்று முழுமையாகப் போய்விட்டதை ஸ்கேனில் உறுதிசெய்ய வேண்டும். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். அடுத்தது எலும்பு. அண்ணத்தில் ஓட்டை இருந்தால் பல்செட் போன்ற தகடு அடைக்கும். அல்லது காலின் சிற்றெலும்பை ரத்தக் குழாயோடு எடுத்துத் தாடையில் பொருத்துவார்கள். கடைசியில்தான் சதை. வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, சுத்தம் செய்து, கன்னத்தில் செலுத்துவார்கள். அதில் ஒரு பகுதி சில மாதங்களில் கரைந்துவிடும் என்பதால், ஒன்றுக்கு மேற்பட்ட முறை செய்ய வேண்டிவரலாம்.

சொந்த ரத்தத்திலிருந்து எடுக்கும் பி.ஆர்.பி. ஊசி துணைக்கு உதவலாம். தனியாகப் பள்ளத்தை நிரப்பாது. ‘ஸ்டெம் செல் ஊசி போட்டால் பழைய முகம்’ என்ற விளம்பரத்தை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதலின்படி, ஸ்டெம் செல் சிகிச்சைக்கு ரத்தம் சார்ந்த சில நோய்களில் மட்டுமே அங்கீகாரம் உண்டு. மற்றவை பதிவுசெய்த ஆய்வில்தான் நடக்க வேண்டும்; ஆய்வு என்றால் நோயாளியிடம் கட்டணம் கேட்கக் கூடாது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளிகள் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் தொடங்கலாம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது. மெல்லவும் பேசவும் உள்ள சிரமத்தை டாக்டரிடம் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குங்கள். இது அழகுக்கான சிகிச்சை அல்ல.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு பக்க முகவீக்கம், கன்னத்தில் மரத்துப்போதல், மூக்கில் கருப்பாகச் சளி, திடீரெனப் பல் ஆடுதல் என்று ஏதாவது தெரிந்தால், ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றே போனால், பள்ளம் விழாமலே தப்பலாம்.