வாடகைத் திண்ணையும் சொந்த வாசலும்

ஜவ்வாது மலையடிவாரத்தில், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஒப்பந்தப் பத்திரம் இல்லாமல் எந்த வியாபாரியும் கடை பிடிப்பதில்லை. ஆனால் வாட்ஸ்அப், முகநூல், எக்ஸ் என்று வந்துவிட்டால், அடுத்தவர் திண்ணையில் முழுச் சரக்கையும் இறக்கிவிடுகிறோம்!

2019-ல் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. அதைக் கண்டித்துப் பலர் மாஸ்டோடன் என்ற கட்டற்ற தளத்துக்குச் சென்றனர்.

டெபியனின் கதை வேறு. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று 1993 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் கணினி மென்பொருள் அது. 2023-ல் அதன் உலக மாநாடு நமக்கு அருகே கொச்சியில்தான் கூடியது. 2025-ல், எக்ஸ் தளத்தில் இனி எழுதுவதில்லை என்று அதன் செய்திக் குழு அறிவித்தது. தம்மவர்கள் அங்கே பாதுகாப்பாக உணரவில்லை என்பதே காரணம். வெளியேறியும் அதன் குரல் அடங்கவில்லை. சொந்த இணையதளமும் மின்னஞ்சல் பட்டியல்களும் அதனிடம் இருந்தன.

நம்மிடம் என்ன இருக்கிறது?

இளைஞர்களே! உங்கள் வீட்டுக் கடைக்குச் சொந்த இணைய முகவரி அமைத்துக் கொடுங்கள். வாடிக்கையாளர் எண்களைத் தனி நோட்டில் எழுதி வையுங்கள். பூட்டு விழுந்த பிறகு சாவி தேடிப் பயனில்லை!