கணக்கைக் கைமாற்றும் நாள்

திருத்தணிப் பக்கம் பழைய நிலப் பத்திரங்களைப் புரட்டினால் 1960க்கு முந்தைய பல பத்திரங்கள் தெலுங்கில் இருக்கும். இந்தப் பகுதியைத் தமிழகத்தோடு சேர்க்க ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், அதன்பின் எல்லை பற்றிய படாஸ்கர் பரிந்துரை, 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் என்று ஊரில் இன்றும் பேசுவார்கள். அந்த நேரத்தில் கிராமக் கணக்கு வேலையில் இருந்தவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தது திருத்தணி தாலுகா. கிராமக் கணக்கரான கர்ணத்துக்கு மேலதிகாரி மாறினார், மாவட்டம் மாறியது, தெலுங்கில் எழுதியவர் தமிழுக்கு வர வேண்டியதாயிற்று. சின்ன மாற்றமில்லை. ஆனால் எந்தத் தேதியில் மாறும் என்பது சட்டத்திலேயே முன்கூட்டி எழுதப்பட்டிருந்தது. கர்ணம் மறுநாளும் கர்ணமாகவே கணக்கு எழுதினார்.

இருபது வருடம் கழித்து அதே கர்ணங்களுக்கு வந்த மாற்றம் வேறு மாதிரி. 1980 நவம்பர் 14 முதல் தமிழ்நாடு முழுவதும் கர்ணம், வரி வசூலிக்கும் மணியக்காரர் பதவிகள் இல்லை என்று எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டது. அவர்களுக்குப் பதிலாக, எஸ்.எஸ்.எல்.சி. படித்த முழுநேர கிராம நிர்வாக அலுவலர்களைத் தேர்வாணையம் வழியாக எடுப்பது என்று முடிவானது.

முடிவு சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு குடும்பத்தின் கையில் ஊர்க் கணக்கு தலைமுறை தலைமுறையாக இருந்தால் ஏழைக்கு என்ன கதி என்பது கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். பரம்பரை உரிமை 1968லேயே சட்டப்படி முடிந்துவிட்டது. பகுதிநேரமாக வேலை பார்க்கும் இவர்களை நீக்கிவிட்டு முழுநேர அலுவலரைப் போடுங்கள் என்று நிர்வாகச் சீர்திருத்த ஆணைக்குழு 1973லேயே சொல்லிவிட்டது. அப்படியென்றால் அரசின் கையில் ஏழு வருடம் இருந்தது. அந்த ஏழு வருடத்தில் இந்த ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருக்கலாம்.

தேதியையும் பாருங்கள். வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலை 1ல் தொடங்கும். நவம்பர் நடுவில் சம்பா வயலில் நிற்கும், அடங்கல் என்னும் பதிவேட்டில் பயிர் விவரம் ஏறிக்கொண்டிருக்கும். ஜூன் இறுதியில் பசலி முடிந்த கையோடு மாற்றியிருந்தால் ஒரு வருடக் கணக்கு முழுசாக ஒரே கையில் முடிந்திருக்கும்.

புதிதாக வந்தவருக்கு அடங்கல், சிட்டா, வரைபடம் எல்லாம் கிடைக்கும். அண்ணன் தம்பி வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்ட வரப்பு எது, எந்தப் புறம்போக்கை யார் எப்போது வளைத்தார், ஏரி மதகைத் திறப்பதில் எந்த இரண்டு தெருவுக்குத் தகராறு என்பதெல்லாம் ஏட்டில் இராது. பழைய கர்ணத்துக்கு அது மனப்பாடம். அவமானப்பட்டு வெளியே போகிறவர் அதைச் சொல்லிக்கொடுக்க மாட்டார், சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

பதவி இழந்தவர்கள் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டம் செல்லும் என்று 1982ல் தீர்ப்பு வந்தது. ஆனால் அந்த வழக்கின்போதுதான், படிப்புத் தகுதி உள்ள பழைய அலுவலர்களைப் பரிசீலித்துப் புதிய பதவிக்கு எடுத்துக்கொள்வதாக அரசு ஒப்புக்கொண்டது. இதை 1980லேயே அந்த அவசரச் சட்டத்தில் ஒரு பிரிவாக எழுதியிருக்கலாமே! எத்தனை வீட்டில் இரண்டு வருடம் அடுப்பு நிம்மதியாக எரிந்திருக்கும். சட்டம் செல்லுமா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆட்களை எப்படி நடத்தினோம் என்று பார்ப்பது தலைமையின் வேலை. அந்த இரண்டாவது வேலை நடக்கவில்லை என்பதே என் எண்ணம்.

எல்லைக்கு அந்தப் பக்கம், நகரியிலும் புத்தூரிலும், முன்சபு, கரணம் என்ற பெயரில் இதே பதவிகள் அப்போது இருந்தன. இங்கே நடந்ததைப் பார்த்துக் கற்க ஆந்திர அரசுக்கு மூன்று வருடம் கிடைத்தது. 1984 ஜனவரி 6 அன்று என்.டி.ஆர். அரசும் அந்தப் பதவிகளை ஒழிக்க அவசரச் சட்டம்தான் போட்டது. அங்கேயும் வழக்கு, 1985ல் அதே உச்ச நீதிமன்றம், அதே முடிவு.

இன்று வங்கிகள் இணைகின்றன, அலுவலகக் கோப்புகள் கணினிக்குப் போகின்றன, ஆலைகளில் புது இயந்திரம் வருகிறது. முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களை நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: யாருடைய வேலை மாறப்போகிறதோ அவருக்கு முதலில் சொல்லுங்கள், செய்தித்தாளில் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. எந்தத் தேதி, அதற்குப் பிறகு அவருக்கு என்ன இடம், இடமில்லை என்றால் என்ன ஈடு என்பதை அன்றே எழுத்தில் கொடுங்கள். புது ஆள் வந்தபின் பழைய ஆளைச் சில மாதமாவது கூடவே சம்பளத்தோடு வைத்திருங்கள்.